நிலத் தரகும் நாணயமும்



மாட்டுச் சந்தையில் நாம் எல்லோரும் கண்ட காட்சி ஒன்று உண்டு. தரகர் தம் கையின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார். விற்பவர் அத்துண்டின் அடியில் கையை நுழைத்து விரல்களைப் பிடித்து விலை சொல்வார். பின்னர் வாங்குபவரும் அவ்வாறே செய்வார். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது. மாட்டு வியாபாரத்தில் இதனால் நஷ்டம் நேர்ந்தாலும் அடுத்த சந்தையில் ஓரளவு ஈடு செய்துகொள்ளலாம். நிலம் அத்தகையதன்று, ஒருமுறை கைமாறிய நிலம் அக்குடும்பத்துக்குத் திரும்பி வருவது அரிதினும் அரிது. அந்தத் துண்டு நிலத் தரகிலும் விரிக்கப்பட்டிருக்கிறது என்னும் ஐயமே, இன்று நிலத் தரகரைக் கண்டால் மக்கள் முகம் சுளிப்பதற்கு மூலகாரணம் எனக் கருதுகிறோம்.

தரகரே வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. எந்தப் புலத்துக்கு வண்டிப் பாதை உண்டு, எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, எந்தச் சகோதரர்கள் பாகம் பிரியாமல் இருக்கிறார்கள் என்பவற்றையெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர் அவரே. வெளியூரில் இருந்து வருபவருக்கும் உள்ளூர் விவசாயிக்கும் இடையே அவர் செய்யும் வேலை மெய்யான வேலை. அதற்குக் கூலி கேட்பதும் நியாயமே. நூற்றுக்கு 1 அல்லது 2 என்று கொடுப்பது பல ஊர்களில் வழக்கம். குறை கூலியில் இல்லை. அது வேறோர் இடத்தில் இருக்கிறது.

நாம் அறிந்த ஒரு கிராமத்தில் ஒரு பெரியவருக்குப் புறவழிச் சாலையை ஒட்டி 2 ஏக்கர் புஞ்சை இருந்தது. மகளின் கல்யாணத்துக்காகவும் கூட்டுறவுக் கடனைத் தீர்ப்பதற்காகவும் அதை விற்க எண்ணினார். தரகர் அதே ஊர்க்காரர். பெரியவரை ‘மாமா’ என்று அழைப்பவர். “மாமா, ஏக்கர் 10 லட்சத்துக்குமேல் இந்தப் பக்கத்தில் யாரும் கேட்கமாட்டார்கள்; உங்களுக்காக நான் அலைந்து முடித்துத் தருகிறேன்” என்றார். ரூ. 1 லட்சம் முன்பணம் கொடுத்து, 6 மாதத் தவணையில் ஓர் உடன்படிக்கையும் எழுதினார். அதில் வாங்குபவரின் பெயருக்கு உரிய இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. பெரியவர் அதைப் படித்துத்தான் கையெழுத்திட்டார். எனினும் அவ்வெற்றிடத்தின் பொருள் அவருக்கு விளங்கவில்லை.

ஐந்தாம் மாதம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெரியவர் முதன்முறையாக வாங்குபவரைக் கண்டார். மீதி ரூ. 19 லட்சம் கைக்கு வந்தது. அதிலிருந்து நூற்றுக்கு 2 வீதம் ரூ. 40,000 தரகு கொடுத்தார். வாங்கியவர் கொடுத்த மொத்தத் தொகை ரூ. 32 லட்சம் என்பது சில வாரங்களுக்குப் பின் டீக்கடைப் பேச்சில் வெளிவந்தது. இடையில் நின்ற ரூ. 12 லட்சத்தைப் பற்றித் தரகர் ஒருபோதும் வாய் திறக்கவில்லை. கல்யாணம் நடந்தது; கூட்டுறவுக் கடன் அப்படியே நின்றது. ஆனால் பணத்தைப் பற்றிப் பேசும்போது அமைதியாக இருந்த பெரியவர், ‘மாமா’ என்ற அந்தச் சொல்லைப் பற்றிப் பேசும்போதுதான் குரல் தழுதழுத்தார்.

இதில் தரகரின் குற்றம் என்ன? இலாபம் அடைந்தது குற்றமன்று. “நான் 10 லட்சத்துக்கு வாங்கிக்கொள்கிறேன், பிறகு எந்த விலைக்கு விற்றாலும் அது என் பாடு” என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அவர் ஒரு வியாபாரி. அப்போது பெரியவரும் இன்னும் நான்கு பேரிடம் விலை விசாரித்திருப்பார். மாறாக, ‘உங்கள் ஆள்’ என்று சொல்லிக் கூலியும் வாங்கிக்கொண்டு, வியாபாரிக்குரிய இலாபத்தையும் மறைவில் எடுத்துக்கொண்டதே குற்றம். ஒருவர் கூலியாளாக இருக்கலாம், அல்லது வியாபாரியாக இருக்கலாம். ஒரே பேரத்தில் இரண்டாகவும் இருப்பதானால் அது இரு தரப்பாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இது வெறும் தர்ம நியாயம் மட்டுமன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவரின் கடமைகளை வகுத்திருக்கிறது. தம்மை நியமித்தவருக்குத் தெரியாமல் முகவர் அந்த வேலையிலேயே தம் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால், அதனால் கிடைத்த பலனைக் கேட்டுப் பெற நியமித்தவருக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 216-ஆம் பிரிவு. அச்சட்டமே ஓர் உதாரணமும் தருகிறது. ஒரு வீட்டை வாங்கித் தரும்படி ஒருவர் தம் முகவரிடம் சொல்கிறார். முகவர், ‘அது கிடைக்காது’ என்று சொல்லிவிட்டுத் தாமே அதை வாங்கிக்கொள்கிறார். விஷயம் தெரியவந்ததும், முகவர் கொடுத்த அதே விலைக்கு வீட்டைத் தமக்கு விற்கும்படி அவரைக் கட்டாயப்படுத்தலாம். இந்தச் சட்டம் வந்து 150 ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் கிராமங்களில் இதை அறிந்தவர் சிலரே.

தரகர் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. அதையும் கேட்க வேண்டும். அவர் அலைந்து திரிந்து இரு தரப்பாரையும் சேர்த்து வைத்தவுடன், விற்பவரும் வாங்குபவரும் இரவோடிரவாகத் தொலைபேசியில் பேசி முடித்து, மறுவாரமே பத்திரம் பதிந்துகொண்டு, அவருக்குக் காலணாவும் கொடாமல் விட்ட கதைகள் ஏராளம். அந்த அச்சத்தினால்தான் தரகர் ஒருவரை மற்றவர் கண்ணில் காட்டாமல் மறைக்கிறார். மறைப்பதனால் விலையிலும் மறைவு புகுந்துவிடுகிறது. துண்டை விரித்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர் என்பதை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனபடியால், பேச்சுத் தொடங்குமுன் ஒரு தாளில் சில வரிகள் எழுதிக்கொள்வது இருவருக்கும் காப்பு. தரகர் யாருக்காக வேலை செய்கிறார், எவரெவரிடம் எவ்வளவு பெறுகிறார், எப்போது பெறுகிறார், அவரோ அவருடைய உறவினரோ வாங்கப் போகிறார்களா என்பவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். எழுதத் தயங்குகிற தரகரிடம் நிலத்தை ஒப்படைக்கலாமா என்பதை நிலத்துக்கு உரியவரே தீர்மானிக்கலாம்.

மனை நிலங்களைப் பொறுத்தவரை 2016-ஆம் ஆண்டின் மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் இன்னும் ஒரு படி முன்னே செல்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவுகள் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். அவற்றை விற்றுத்தரும் முகவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெறாத மனைப் பிரிவை அவர் விற்றுத்தரக் கூடாது. கணக்குகளை வைத்திருக்க வேண்டும். இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. மீறினால் நாள் ஒன்றுக்கு ரூ. 10,000 வீதம், மனை மதிப்பில் நூற்றுக்கு 5 வரை அபராதம் உண்டு. ஆனால் இதிலே ஒரு சிறு எச்சரிக்கை. ஒரு விவசாயி தம் புஞ்சையைப் புஞ்சையாகவே மற்றொருவருக்கு விற்கும்போது இச்சட்டத்தின் நிழல் அவர்மேல் விழாது. மேலே சொன்ன பெரியவருக்கு இது உதவியிராது. அங்கே அவருக்குத் துணை அந்த ஒரு தாளும், பழைய ஒப்பந்தச் சட்டமுமே.

‘பவர்’ எழுதிக் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தரகர் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடுகிறோம். வாங்குபவரும் அதையே கிரயம் என்று நம்பி முழுப் பணத்தையும் கொடுத்துவிடுகிறார். அதிகாரப் பத்திரமும் விற்பனை உடன்படிக்கையும் கிரயம் ஆகா, சொத்து உரிமை பதிவு செய்த கிரயப் பத்திரத்தால்தான் மாறும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டிலேயே தெளிவாக்கியிருக்கிறது.

இனி, ஊராட்சி உறுப்பினர்களாகிய நம்மைச் சார்ந்த விஷயத்துக்கு வருவோம். இதைச் சொல்வது சற்றுச் சங்கடமே. ‘பஞ்சாயத்து அங்கீகாரம் பெற்ற மனைகள்’ என்று சாலையோரங்களில் எத்தனை பலகைகளைப் பார்த்திருக்கிறோம்! நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் ஒரு மனைப் பிரிவை அங்கீகரித்துவிட முடியாது. எனினும் தரகரின் வாய்ச்சொல்லுக்கு அந்த முத்திரையே பலம் கொடுத்தது. சேமிப்பை எல்லாம் போட்டு மனை வாங்கியவர்கள், 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோது திகைத்துப் போனார்கள். மறு ஆண்டு அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. மனைக்காரர்கள் மறுபடியும் கட்டணம் செலுத்தினார்கள். தரகர் தம் கூலியை என்றோ பெற்றுக்கொண்டு போய்விட்டார். சாலை எங்கே, தெருவிளக்கு எங்கே, தண்ணீர் எங்கே என்று கேட்டு வருகிறவர்கள் ஊராட்சி அலுவலகத்துக்குத்தான் வருகிறார்கள்.

நம்மில் சிலர் தாமே தரகும் செய்கிறோம். அது தடுக்கப்பட வேண்டிய தொழில் அன்று. ஆனால் தாம் தரகு பேசும் மனைப் பிரிவுக்குச் சாலை போடுவது பற்றியோ குழாய் இணைப்பு பற்றியோ மன்றத்தில் பொருள் வரும்போது, அந்த உறுப்பினர் அதைச் சபையில் சொல்லிவிட்டு விவாதத்திலிருந்து விலகி அமர்வதே முறை. தரகரிடம் நாம் எதிர்பார்க்கிற வெளிப்படையான நடத்தை நம்மிடமிருந்தே தொடங்கட்டும்.

பட்டா, சிட்டா, புலப்படம் ஆகியவற்றை வருவாய்த் துறையின் இணையதளத்திலும், வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்திலும் கட்டணமின்றி இன்று பார்க்கலாம். பழைய காலத்துப் பதிவுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே தேட வேண்டியிருக்கும். படிக்கத் தெரியாத ஒரு விவசாயி அலுவலகத்துக்கு வந்து கேட்டால், ஊராட்சிச் செயலாளர் இவற்றை எடுத்து வாசித்துக் காட்டுவது பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்காகவே பலர் தரகரை நம்பியிருக்கிறார்கள்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், தங்கள் ஊராட்சி எல்லைக்குள் ஒப்புதல் பெற்ற மனைப் பிரிவுகளின் பட்டியலைப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். புல எண், ஒப்புதல் எண், ஆணையத்தின் பதிவு எண், தானப் பத்திரத்தின் மூலம் ஊராட்சிக்கு ஒப்படைக்கப்பட்ட சாலையும் பூங்கா இடமும் எவ்வளவு என்பவை அதில் இருக்க வேண்டும். பின்னர் அதே பட்டியலை அலுவலகத் தகவல் பலகையில், பேருந்துக்குக் காத்திருப்பவர் கண்ணிலும் படும்படி, பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள்.