கணினி ஆலோசகர் தொழிலும் கிராமத்துப் பிள்ளைகளும்

(சாலவாக்கத்தில் நடைபெற்ற மாணவர்–பெற்றோர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் இவ்வூர் விவசாயி ஒருவர் நம் அலுவலகத்திற்கு வந்தார். அவருடைய மகன் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறான். "ஐயா, பையன் கம்ப்யூட்டர் ஆலோசகர் ஆகவேண்டும் என்கிறான். அது என்ன உத்தியோகம் என்று எனக்குத் தெரியாது. ஏரிக்குக் கீழே இருக்கும் ஒரு ஏக்கரை விற்றுப் படிக்க வைக்கலாமா?" என்று கேட்டார். சாலைக்கும் குடிநீருக்கும் உடனுக்குடன் விடை கூறிப் பழகிய நாம், இவ்வினாவின் முன் தயங்கி நின்றோம். ஒரு குடும்பத்தின் வாழ்வே அதில் அடங்கியிருந்தது. எண்ணிப் பார்த்து விடை கூறவே இன்று வந்துள்ளோம்.

தகவல் தொழில்நுட்ப ஆலோசகர் என்பவர் யார்? ஒரு வங்கியோ, மருத்துவமனையோ, அரசு அலுவலகமோ தன் வேலையைக் கணினி வழியாகச் செய்ய விரும்புகிறது. அங்கே வேலை இப்போது எவ்வாறு நடக்கிறது, எங்கே தடைப்படுகிறது, எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று கேட்டறிந்து, தக்க வழியை வகுத்துக் கொடுப்பவரே ஆலோசகர். எடுத்த எடுப்பில் எவரும் ஆலோசகராவதில்லை. முதலில் நிரல் எழுதுபவராகவோ, எழுதிய நிரலைச் சோதிப்பவராகவோ சேர்கிறார். சில ஆண்டுகளில் ஏதேனும் ஒரு துறையின் நடைமுறையை நன்கு கற்கிறார். அதன் பின்னரே பிறர் அவரிடம் யோசனை கேட்கின்றனர்.

மோகனூர்ச் சிறுவர்

இத்தொழிலில் உயர்ந்த ஒருவரின் வரலாற்றைக் கூறுவோம். திரு. ந. சந்திரசேகரன் 1963இல் பிறந்தவர். நாமக்கல்லை அடுத்த மோகனூரில், விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். உள்ளூர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பயின்றவர். கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டம் பெற்றபின் ஊர் திரும்பிச் சில மாதங்கள் பண்ணை வேலையைப் பார்த்தார். அது தமக்கு ஏற்றதன்று என்று கண்டபின், திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் கணினிப் பயன்பாட்டியல் முதுநிலைப் பட்டம் பெற்றார். 1968இல் தொடங்கப்பட்டிருந்த டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்தில் 1987இல் சேர்ந்தார். 2009இல் அதன் தலைமை நிர்வாகியானார். 2017இல் டாடா சன்ஸ் நிறுவனத்தின் தலைவரானார். அவர் நெடுந்தூர மாரத்தான் ஓட்டங்களில் ஓடுபவர் என்பதையும் மாணவர்கள் அறியவேண்டும். சேர்ந்த இடத்திலேயே 22 ஆண்டுகள் படிப்படியாக உழைத்த பின்னரே அவர் அதன் தலைமைக்கு வந்தார். இத்தொழிலும் நெடுந்தூர ஓட்டமே.

2019இல் அவர் ரூபா புருஷோத்தமன் என்பாருடன் சேர்ந்து ஒரு நூல் எழுதினார். இயந்திரம் வந்தால் மனிதருக்கு வேலை போய்விடும் என்று அஞ்சுவதைவிட, மருத்துவர் குறைந்த ஊரில் சுகாதாரப் பணியாளரின் கையில் கருவியைக் கொடுத்து, அவர் திறனை உயர்த்துவது எவ்வாறு என்று சிந்திக்க வேண்டும் என்பது அந்நூலின் சாரம். கிராமத்தில் பிறந்தவரின் தொழில் ஆர்வம் மீண்டும் கிராமத்தை நோக்கித் திரும்பியது நமக்கு மகிழ்ச்சி அளிக்கிறது.

நம் அலுவலகம் கற்ற பாடம்

நாம் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், குடிநீர்ப் புகார்களைக் கணினியில் பதியும் ஏற்பாடு ஒன்று செய்தோம். வந்த ஆலோசகர் நம் அறையில் இரண்டு நாள் அமர்ந்து, எழுத்தர்களுடன் பேசி, அழகியதொரு படிவத்தை அமைத்துக் கொடுத்தார். மோட்டார் போட்டவுடன் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று பதிவாகும். மாத இறுதியில் நிலுவை ஒன்றும் இல்லை என்று திரை காட்டியது. நாமும் பெருமை கொண்டோம். மறுவாரமே ஒரு காலனித் தாய்மார்கள் காலிக் குடங்களுடன் சாலையில் அமர்ந்தனர். மோட்டார் ஓடியது உண்மை; தெருக்கோடிக் குழாய்க்கு நீர் வரவில்லை என்பதும் உண்மை. குழாயடியில் நிற்பவர்களை ஒருவரும் கேட்கவில்லை. குற்றம் கணினியின்பால் இல்லை. அழைத்துவந்த நம்பால்தான் இருந்தது.

பிறகு கிராமத்தில் பிறந்த இளம்பெண் ஒருவர் அப்பணிக்கு வந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு அக்குழாயடிக்கே சென்று நின்றார். பேசியது குறைவு, கேட்டது மிகுதி. அவர் செய்த மாற்றம் ஒன்றே: புகார் கொடுத்தவர் "தண்ணீர் வந்தது" என்று கூறினாலன்றிப் புகார் முடியாது. நாம் வெட்கத்துடன் கற்ற பாடம் இது.

இப்பாடம் நம் வட்டாரத்திற்குப் புதியதன்று. உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் பொறிக்கப்பட்டுள்ளன. வாரிய உறுப்பினரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, கணக்குக் காட்டாதவரை எவ்வாறு விலக்குவது என்று அவை தெளிவாகக் கூறுகின்றன. 919இல் வகுத்த விதிகளை 921இல் சபையோர் திருத்தி எழுதினர். எழுதுவது, நடத்திப் பார்ப்பது, குறை கண்டு திருத்துவது என்னும் இம்முறையையே இன்றைய ஆலோசகரும் கையாளுகிறார். ஆயினும் நிலமற்றோர் பெயர் அக்குடத்தில் விழவில்லை. விதி வகுக்கும்போது கேட்கப்படாதவருக்கு விதியில் இடமில்லை. "யாரைக் கேட்காமல் விட்டோம்?" என்று ஓயாது வினவுபவரே நல்ல ஆலோசகர். நிரலைச் செயற்கை நுண்ணறிவே எழுதத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், இவ்வினாவின் மதிப்பு கூடியே இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு சொல்

இனி, அவ்விவசாயிக்கு நம் விடை. ஐயா, நிலத்தை விற்க அவசரப்பட வேண்டா. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றோருக்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டம் 2021இல் வந்தது. அவ்வாறு சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்க முன்வந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. வங்கிக் கல்விக் கடனும் உண்டு. இவற்றைத் தலைமை ஆசிரியரிடம் விசாரித்தறிந்த பின்னரே முடிவு செய்க. "சேர்ந்தால் வேலை நிச்சயம்" என்று விளம்பரம் செய்யும் இடத்தில், சென்ற ஆண்டு படித்து முடித்தவர்கள் எங்கே வேலை செய்கின்றனர் என்று கேளுங்கள். பெயரும் ஊரும் சொல்ல இயலாதாயின் திரும்பி வந்துவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இதே விடைதான். அவர்களுக்கென வேறு விடை இல்லை.

மாணவர்களே! உங்களுக்கு ஒரு வேலை தருகிறோம். வரும் விடுமுறையில் நெல் கொள்முதல் நிலையத்திலோ, பால் சங்கத்திலோ ஒரு நாள் முழுதும் இருங்கள். ஒரு மூட்டை நெல் இறங்கியது முதல் விவசாயி கையில் பணம் சேரும் வரை எத்தனை படிகள், எங்கே காத்திருக்கிறார், ஏன் காத்திருக்கிறார் என்று கேட்டு, நல்ல தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். அங்கே சுமை தூக்குபவரையும் கேட்க மறவாதீர்கள். கணினி இல்லாமலே ஆலோசகர் தொழிலின் முதற் பாடம் அதில் முடிந்துவிடும். அத்தாளை நம் அலுவலகத்திற்குக் கொண்டு வாருங்கள். நாம் படிப்போம், திருத்த வேண்டியது நம்மிடம் இருந்தால் திருத்திக்கொள்வோம்.