மூழ்கிய வயல்களின் கணக்கு
(சிப்பிகாட் மக்களிடையே ஆற்றிய உரை)



2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்து போனது. ஆனால் அன்றைய நிலநடுக்கத்தில் இப்பகுதியின் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. நெல் விளைந்த வயல்களில் கடல் நீர் தங்கிவிட்டது. பறவை பார்க்க வருவோர் அதனை அழகிய சதுப்பு நிலம் என்கின்றனர். கொக்குகளோடு நமக்குப் பகையில்லை. ஆனால் நீருக்கடியில் கிடப்பது உழவர் மண். ஒருமுறை தரப்படும் நிவாரணம் வேறு, நிலத்துக்கு நிலம் வேறு.

இது சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசம். மக்களவைக்கு நாம் அனுப்புவதோ ஒரே உறுப்பினர். எனவே மனு மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். மூழ்கிய நிலத்தின் அளவை வீடு வீடாகப் பதிவு செய்வோம். பழைய நில ஆவணம், வரி ரசீது எது இருப்பினும் எடுத்து வாருங்கள்.