மரம் பாடுகிறதா, கம்பி பாடுகிறதா?



ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த ஊர் செனாய். இங்குள்ள நம் பிள்ளைகள் இசைக்குழு அமைத்துத் திருமணங்களிலும் திருவிழாக்களிலும் வாசிக்க ஆசைப்படுகிறார்கள். அவர்களில் ஒருவன் பேஸ் கித்தார் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மரத்தின் பெயரைச் சொல்லி விலை ஏறுகிறது. அந்த வெள்ளிக்கு ஏற்ற ஒலி கிடைக்குமா?

முதலில் தஞ்சாவூர் வீணையைப் பார்ப்போம். அதன் குடம் பலாமரத்தில் குடையப்படுகிறது. தந்தியின் அதிர்வு குதிரை வழியாக இறங்கி, மேற்பலகையையும் குடத்தின் உள்ளே இருக்கும் காற்றையும் அசைக்கிறது. அந்த அசைவே நாதமாக நம்மை எட்டுகிறது. அங்கே மரம்தான் குரல்.

பேஸ் கித்தாரின் கதை வேறு. 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த பேஸ் கித்தாரின் உடல், குடையப்படாத கெட்டிப் பலகை. எஃகுக் கம்பிகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருளும் உண்டு. மேலே கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அதைப் பெரிதாக்கித்தான் ஒலிபெருக்கி பேசுகிறது. காந்தம் உணர்வது கம்பியின் அதிர்வைத்தான். பலகையின் ஓசையை அன்று.

அப்படியானால் மரத்துக்கு வேலையே இல்லையா? உண்டு, ஆனால் சிறிது. கம்பியின் அதிர்வில் ஒரு பங்கை மரம் வாங்கிக்கொள்ளும். குறிப்பாக, மெல்லிய கழுத்துப் பகுதி கூடவே அசைவதால் சில சுரங்கள் சீக்கிரம் அடங்கிவிடும். தடித்த உடல் பலகையின் பங்கு மிகக் குறைவு. கம்பி பழையதா புதியதா, காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது, விரல் எங்கே மீட்டுகிறது, ஒலிபெருக்கி எத்தகையது என்பவையே காதுக்குத் தெளிவாகத் தெரியும் வேற்றுமைகள்.

மரத்தில் நாம் பார்க்கவேண்டியது பெயரையன்று, பக்குவத்தை. நமக்குப் பழகிய ரப்பர் மரத்தையே எடுத்துக்கொள்வோம். வெட்டியவுடன் மருந்தூட்டி உலர்த்தாவிட்டால் பூசணமும் வண்டும் பிடிக்கும். பக்குவப்படுத்தினால் உறுதியான மேசை நாற்காலி ஆகிறது. கித்தாருக்கும் அப்படியே. நன்கு உலராத மரம் வளையும், திருகாணி தளரும்.

ஆகவே, வாங்கும்முன் பிள்ளையின் தோளில் மாட்டிப் பாரம் பார்ப்போம். கழுத்து நேராக இருக்கிறதா என்று கண்ணால் நோக்குவோம். ஒவ்வொரு கட்டையிலும் சுரத்தை மீட்டிக் கேட்கச் சொல்வோம். மரத்தின் பெயருக்குக் கொடுக்க இருந்த வெள்ளியை நல்ல ஒலிபெருக்கிக்கும், கற்றுக்கொடுக்கும் ஆசிரியருக்கும் கொடுப்போம்.