பட்டுப்புழு தானே சுரக்கும் மருந்து

தர்மபுரி மாவட்டத்துக் கடத்தூர் என்றால் வெற்றிலைதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் நம் மாவட்டத்தில் மல்பெரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் ஏராளம். தர்மபுரி நகரில் பட்டுக்கூட்டுக்கு ஏல அங்காடியே நடக்கிறது. அந்தக் கூட்டைக் கட்டுகிற புழு நோய்க்கிருமியிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் விதத்தைப் பற்றி இன்று பேசுகிறேன்.

ஒருமுறை தாக்கிய கிருமியை நம் உடம்பு நினைவில் வைத்து, அதற்கென்றே எதிர்ப்பொருள் செய்கிறது. பூச்சிக்கு அந்த ஏற்பாடு இல்லை. பிறகு எப்படித் தப்பிக்கிறது?

ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஹான்ஸ் போமன் இதைத் துருவிப் பார்த்தார். வட அமெரிக்காவின் செக்ரோப்பியா என்ற பெரிய பட்டு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவுக்குள் பாக்டீரியாவை ஊசியால் செலுத்தினார். பிறகு அதன் இரத்தத்தில், முன்பு இல்லாத சின்னஞ்சிறு புரதங்கள் தோன்றின, பாக்டீரியாக்கள் மடிந்தன. அவற்றுக்குச் செக்ரோப்பின் என்று பெயரிட்டு, 1981இல் போமன் குழு அமைப்பையும் வெளியிட்டது. செக்ரோப்பின் ஒன்றில் இருப்பவை ஏறத்தாழ 37 அமினோ அமிலங்கள்தான்!

அது வேலை செய்யும் விதம் அழகானது. செக்ரோப்பினுக்கு நேர் மின்னூட்டம். பாக்டீரியாவின் மேலுறைக்கு எதிர் மின்னூட்டம். அந்த ஈர்ப்பால் செக்ரோப்பின் போய் ஒட்டிக்கொண்டு உறையைத் துளைக்கிறது. உள்ளே இருப்பது கசிந்து கிருமி சாகிறது. தன் உறையையே மாற்றிக்கொள்வது பாக்டீரியாவுக்கு லேசான காரியமில்லை. ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளுக்குக் கிருமிகள் பழகிப்போன இந்தக் காலத்தில், ஆராய்ச்சியாளர்கள் இதை ஆசையோடு பார்ப்பது அதனால்தான். ஆனால் வாய்வழியே விழுங்கினால் செரிமான நீர் சிதைத்துவிடும் என்பது பெரிய தடை. ஆகவே, புழுவைத் தின்றால் நோய் தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் புழு வளர்ப்பு மனைகளில் வளரும் பட்டுப்புழுவும் செக்ரோப்பின் சுரக்கிறது. அதோடு மொரிசின் என்ற இன்னொன்றையும் 1995இல் ஜப்பானியர் அதில் கண்டறிந்தனர்.

அப்படியானால் புழுவுக்கு நோயே வரக்கூடாதே என்று வளர்ப்போர் கேட்கலாம். ஆனால் பட்டுப்புழுவைத் தாக்கும் பால் நோயை உண்டாக்குவது வைரஸ். பாக்டீரியாவின் உறையைத் துளைக்கும் ஆயுதம் அதனிடம் பலிப்பதில்லை. பாக்டீரியாவிடமும் அந்த ஆயுதத்துக்கு ஓர் எல்லை உண்டு: வெக்கையிலும் ஈரத் தழையிலும் புழு தளர்ந்துபோனால் அதன் எதிர்ப்பும் தளர்கிறது. அதனால், ஒரு வளர்ப்பு முடிந்ததும் மனையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்கள். நோய்ப்பட்ட புழுவைப் பொறுக்கி, மல்பெரித் தோட்டத்தில் வீசாமல், தள்ளிப் போய் எரித்துவிடுங்கள்.