மன்னிப்பும் விழிப்பும்

பாறசாலையைக் கடந்து நெய்யாற்றின்கரைக்குச் செல்வோர், அங்குள்ள கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ஒரு பலாமரத்தின் பழைய அடிமரத்தைக் காணலாம். அம்மச்சிப் பிலாவு என்பது அதன் பெயர். எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தியபோது, மார்த்தாண்ட வர்மர் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழிவழி வந்த செய்தி. 1729-இல் அரசேறிய அவர், அப்பிள்ளைமாரை மன்னித்தாரில்லை. கடுந்தண்டனை அளித்து ஒழித்தார்.

அதே அரசர், 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சு அதிகாரி டி லனாயிடம் நடந்துகொண்ட முறை வேறு. அவரைக் கொல்லவுமில்லை, உடனே படையை ஒப்படைக்கவுமில்லை. முதலில் மெய்க்காவலர் சிலரைப் பயிற்றும் பணியைத் தந்தார். அதில் தேறிய பின்னரே படிப்படியாக உயர்த்தினார். 1777-இல் இறக்கும்வரை டி லனாய் திருவிதாங்கூருக்கே உழைத்தார்; உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார்.

எதிரில் நின்ற பகைவர் வேறு, உடனிருந்து கெடுத்தவர் வேறு அன்றோ எனலாம். மெய்தான், இரண்டாவது புண் ஆழமானது, ஆறக் காலம் மிகுதியாகும். ஆயினும் வழி ஒன்றே. வஞ்சித்த பங்காளியின் மேலுள்ள வன்மத்தை நாம் இன்றே விட்டுவிடலாம். பெட்டிச் சாவியை இன்றே கொடுக்க வேண்டுவதில்லை. சிறு பொறுப்பொன்றைத் தந்து பார்ப்போம். அதை அவர் நிறைவேற்றும் விதம் அடுத்ததைச் சொல்லும்.