காசநோயாளியின் காலைக் கடன்

(ஒரு கிராமப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டது பெரிய தத்துவ விஷயமல்ல. காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிற ஒருவர் விடிந்ததும் என்ன செய்ய வேண்டும், அவருடைய வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்கிற சாதாரண விஷயமேயாகும். இதில் என்ன பேச இருக்கிறது என்று நினைத்து விடாதீர்கள். இதைக் கவனியாத வீடுகளில் பிழைக்க வேண்டியவர்கள் பிழைக்காமல் போயிருக்கிறார்கள்.

இந்நோயை க்ஷயம் என்றும், எலும்புருக்கி என்றும், பூர்வ ஜென்ம பாவத்தின் பலன் என்றும் சொல்லி வந்தார்கள். 1882-ம் வருஷத்தில் ராபர்ட் காக் என்னும் ஜெர்மன் வைத்தியர் இது ஒரு கிருமியால் வருவது என்று காட்டி விட்டார். அக்கிருமிக்கு ஜாதியும் தெரியாது, பூர்வ ஜென்மமும் தெரியாது. இருமலில் தெறிக்கும் நுண்துளியில் ஏறிக் காற்றில் வருகிறது; அவ்வளவுதான். இன்றோ சாதாரணக் காசநோய்க்கு 6 மாத மருந்து இருக்கிறது. முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பின் 4 மாதம் மூன்று மருந்துகள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கொடுக்கிறார்கள்.

மருந்து இருந்தும் ஏன் சாகிறார்கள் என்று கேட்பீர்கள். ஒன்று, நோயென்று அறியாமல் காலந்தாழ்த்தி வருகிறார்கள். மற்றொன்று, பாதியில் நிறுத்தி விடுகிறார்கள். இரண்டாவது மாதத்தில் இருமல் நின்று விடுகிறது, காய்ச்சல் போய் விடுகிறது, பசி எடுக்கிறது. "குணமாகி விட்டது, இனி எதற்கு இத்தனை மாத்திரை?" என்று பொட்டலத்தைப் பரண்மேல் போட்டு விடுகிறார்கள். ஆனால் உள்ளே கொஞ்சம் கிருமி மிச்சமிருக்கிறது. அது மறுபடி பெருகும்போது பழைய மருந்துக்கு மசியாத கிருமியாகவும் ஆகி விடலாம். பிறகு வேறு மருந்து, அதிகத் தொல்லை, அதிக ஆபத்து. ஆகவே இவ்வியாதியில் ஜெயிப்பதென்பது சுமார் 180 காலைப் பொழுதுகளில் ஒன்றைக்கூடத் தவற விடாமல் ஜெயிப்பதாகும்.

"நம் ஜனங்களுக்கு அவ்வளவு ஒழுங்கு வராது" என்று சில படித்தவர்கள் சொல்லுகிறார்கள். இது சுத்தப் பொய். ஒரு மண்டலம், 48 நாள், விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளித்து, நாக்கைக் கட்டி, வெறுங்காலோடு நடக்கிறவர்கள் யார்? நம் ஜனங்கள்தானே! அவர்களால் எப்படி முடிகிறது? சாமி வந்து எழுப்பி விடுகிறதா? இல்லை. மனைவி எழுந்து தண்ணீர் எடுத்து வைக்கிறாள். தாய் தனியாகச் சமைக்கிறாள். தெருவில் நாலு பேர் மரியாதையாய் அழைத்து, "குளித்தாயிற்றா?" என்று விசாரிக்கிறார்கள். கூட விரதமிருக்கிறவர்கள் சாயங்காலம் கூடுகிறார்கள். அந்த விரதத்தைத் தாங்கி நிறுத்துகிறவர்கள் சுற்றியுள்ள மனிதர்களே. அதே மனிதர்கள் நோயாளியைச் சுற்றி நிற்கிறார்களா என்பதுதான் நமது கேள்வி.

நிற்பதில்லை, விலகி நிற்கிறார்கள். தட்டு தனி, தம்ளர் தனி, திண்ணையில் படுக்கை. தட்டிலும் தம்ளரிலும் இந்நோய் பரவுவதில்லை. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பெரும்பாலோரிடம் பரவும் தன்மையே மிகவும் குறைந்து விடுகிறது. அப்படியிருந்தும் தள்ளி வைத்தால், வாழ ஆசையில்லாதவனுக்கு மாத்திரையில் என்ன அக்கறை இருக்கும்?

சரி, காலைக் கடன் எது என்று சொல்லுகிறோம். ராகுகாலமும் எமகண்டமும் இதற்கில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

முதலாவது, எழுந்ததும் கதவு சன்னல்களைத் திறங்கள். காற்றோட்டத்தில் கிருமி கலைந்து போகும். வெயில் பட்டால் சாகும். இருமும்போது வாயைத் துணியால் மூடுங்கள்.

இரண்டாவது, தினம் ஒரே நேரத்தில் அன்றைய மாத்திரை அத்தனையையும் சேர்த்து விழுங்க வேண்டும். குமட்டினால் நிறுத்தி விடாமல் வைத்தியரைக் கேளுங்கள். சிறிது ஆகாரத்துக்குப் பின் சாப்பிடச் சொல்லலாம். சிறுநீர் செம்மஞ்சளாய்ப் போகும். இரத்தம் போகிறதென்று பயந்து மந்திரிக்க ஓட வேண்டாம். அது ரிபாம்பிசின் என்னும் மருந்தின் நிறம்.

மூன்றாவது, சுவரில் தொங்கும் காலண்டரில் அன்றைய தேதியின்மேல் ஒரு கோடு போடுங்கள். நல்ல நேரம் பார்ப்பதற்கென்றே தொங்கிக் கொண்டிருந்த காலண்டர் ஒரு உயிரைக் காப்பாற்றவும் உதவட்டும்.

நான்காவது, மாத்திரை விழுங்கும்போது ஒருவர் கூட உட்கார வேண்டும். போலீஸ்காரரைப் போலல்ல, "இராத்திரி தூங்கினாயா? வாந்தி வந்ததா? கண் மஞ்சளாயிருக்கிறதா? பார்வை மங்குகிறதா? பாதம் மதமதவென்கிறதா?" என்று கேட்பதற்காக. இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

ஐந்தாவது, எல்லோரும் ஒன்றாய் உட்கார்ந்து காலை ஆகாரம் சாப்பிடுங்கள். கேழ்வரகுக் கூழோ, கஞ்சியோ, கூட ஒரு முட்டையோ, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ இருக்கட்டும். பத்தியம் என்று முட்டையையும் மீனையும் நிறுத்துவது மகா முட்டாள்தனம். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான பெரிய ஆராய்ச்சியில், நோயாளி வீடுகளுக்குச் சத்துள்ள உணவு கொடுத்ததில் மற்றவர்களுக்கு நோய் வருவது 39 சதவிகிதம் குறைந்தது. முதல் 2 மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளிடம் சாவும் மிகக் குறைவாயிருந்தது. இதற்கென்று சர்க்கார் கொடுத்து வந்த மாதம் 500 ரூபாயை 2024 நவம்பர் முதல் 1000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். கேட்டு வாங்குங்கள், அது பிச்சையல்ல, உங்கள் உரிமை.

வீட்டில் இருந்தால் குணமாகுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நம் ஊரிலேயே ருஜு இருக்கிறது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில் வைத்தார்கள். மறு பாதியை நெருக்கடியான அவர்கள் வீடுகளிலேயே விட்டார்கள். இருசாராருக்கும் ஒரே மருந்து. வீட்டிலிருந்தவர்களுக்கு ஆகாரமும் குறைவு, ஓய்வும் குறைவு. ஆயினும் ஒரு வருஷத்தில் இருசாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். உலகமெங்கும் சானடோரியங்களின் அவசியம் குறைந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். அதே ஆராய்ச்சியில் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். விழுங்காமல் விட்டவர்களும் அகப்பட்டார்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து கொடுக்கும் முறை வளர இந்த அனுபவம் பெரிதும் உதவிற்று.

தாய்மார்களே! உங்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். வீட்டில் ஆணுக்கு நோய் வந்தால் மாத்திரையும் தண்ணீரும் கைக்கு வருகிறது. பெண்ணுக்கு வந்தால் வெளியே தெரியாமல் மூடி வைக்கிறார்கள். கலியாணம் கெட்டு விடுமாம்! அவள் எல்லோருக்கும் ஆக்கிப் போட்டு, மிஞ்சியதைத் தின்று, ஒளிந்து நின்று மாத்திரை விழுங்குகிறாள். அவளுக்கு யார் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது? புருஷன் கொடுக்கட்டும், மகன் கொடுக்கட்டும். இதைச் செய்யாதவர்கள் சமத்துவம் பேசுவது யோக்கியமாகாது.

"மனத் தைரியத்துக்காகக் கயிறு கட்டினால் என்ன கெட்டுப்போகும்?" என்கிறார்கள் சில நண்பர்கள். தைரியம் வேண்டும் என்பதை நாமும் ஒப்புக் கொள்ளுகிறோம். ஆனால் கயிறு கட்டியவர் காசை வாங்கிக் கொண்டு போய் விடுகிறார். மறுநாள் காலையில் "மாத்திரை போட்டாயா?" என்று கேட்க அவர் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வரலாம். அந்தக் கேள்விக்குச் செலவு ஒன்றுமில்லை.

ஆகவே தோழர்களே! உங்கள் தெருவில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் இருந்தால் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அவர் வீட்டாரையும் பரிசோதிக்கச் செய்யுங்கள். மருந்து சாப்பிடுகிறவர் இருந்தால் நாளைக் காலையே அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். இன்னும் எத்தனை கோடு பாக்கியிருக்கிறதென்று கேளுங்கள். கடைசிக் கோடு போடும் நாள்வரை அவரைத் தனியே விட்டு விடாதீர்கள் என்று கேட்டுக் கொண்டு, இத்துடன் எமது பேச்சை முடித்துக் கொள்ளுகிறோம்.