வற்றும் பொய்கைகள்



வட அமெரிக்கப் புல்வெளியில், பண்டைப் பனிப்பாறைகள் விட்டுச்சென்ற பள்ளங்கள் இலட்சக்கணக்கில் உள்ளன. மழையும் உருகுபனியும் நிரப்பும் அப்பொய்கைகளே அக்கண்டத்து வாத்துகளின் தாயகம். வடக்கு டக்கோட்டாவின் காட்டன்வுட் ஏரிப் பகுதியில் 1967இல் தொடங்கிய ஆய்வு பல பத்தாண்டுகள் நீண்டது.

1988 முதல் 1992 வரை கொடும் வறட்சி. அவ்வாண்டுகளை மட்டும் கண்டவர், பொய்கைகள் மாண்டன என்றே எழுதியிருப்பர். ஆனால், நீர் வற்றிய சேற்றில்தான் உறங்கிய விதைகள் முளைக்கும். 1993இல் பெருமழைக்காலம் தொடங்கியது, பள்ளங்கள் நிறைந்தன. வற்றுதலும் நிறைதலுமே அவற்றின் வாழ்வு.

உழவுக்காக வடிகால் வெட்டிச் சிறுபள்ளத்து நீரைப் பெரும்பள்ளத்தில் சேர்த்தால், சிறியது அழியும். பெரியது வற்ற மறக்கும். காலநிலை மாற்றம் எது, கலப்பையின் விளைவு எது எனப் பிரித்தறிய நெடுநாள் நோக்கே துணை. பத்தாண்டு கண்ட மன்றத்தார் பொறுமையின் பயனை அறிவர்.